சம்பந்திக்காக மடக்கிய ஆட்டின் ஆசு

1

நேற்றுப் புதன்கிழமை மத்தியானம், ஆறு மாதத்துக்குப் பிறகு, மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் இருக்கும் எங்கள் முதியோர் மண்டபத்தின் போக்கர் மேசையில் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஆறு மாதமாக என்னை உள்ளே விடவில்லை. களவு செய்ததற்காக இல்லை, மரியாதை செய்ததற்காக. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "உந்த வயதில் மனுசனுக்குக் கடுதாசி விளையாட்டோ?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொன்றியலுக்கு வந்து இறங்கிய அன்று என்னிடம் இருந்தது ஒரு தோள் பையும் யாரோ கழற்றித் தந்த குளிர்ச் சட்டையும்தான். உணவகத்தில் கோப்பை கழுவினேன். இதே சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிறகு ஒரு வாளியும் ஒரு தும்புக்கட்டையும் வாங்கிச் சொந்தமாகத் துப்புரவு வேலை பிடித்தேன். இளைப்பாறும்போது புவாண்ட்-கிளேரில் மூன்று அலுவலகக் கட்டடங்கள் என் ஆட்களின் கையில் இருந்தன. பிரெஞ்சை வகுப்பில் படிக்கவில்லை. மேலாளர்மார் என்னை ஏசிய ஏச்சிலேயே படித்தேன். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. போக்கரும் அப்படித்தான்.

எங்கள் மண்டபத்தில் காசு வைத்து ஆடுவதில்லை. ஆளுக்கு ஒரே அளவு பிளாஸ்டிக் சில்லுகள் தருவார்கள். சில்லு முடிந்தவர் எழுந்து போகவேண்டும். பருவம் முடியும்போது கடைசி ஒன்பது பேருக்கு மாகாணப் போட்டியில் இடம். இரண்டு முறை அந்த ஒன்பதில் வந்து, ஒரு முறை கோப்பையும் எடுத்திருக்கிறேன். கோப்பை வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகாது.

முதல் வருடம் மட்டும் மோசமாகத் தோற்றேன். அதற்கும் காரணம் உண்டு. நாங்கள் ஊரில் ஆடிப் பழகியது முன்னூற்றிநாலு. அதில் ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிது. ராசாவும் ராணியும் ஒன்றுக்கும் உதவாது. போக்கரில் ஜாக்கும் ஒன்பதும் கைக்கு வந்தால் பாதிப்பேர் யோசிக்காமல் எறிந்துவிடுவார்கள். நானோ மாதக் கணக்காக அந்த இரண்டையும் பிள்ளை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு தோற்றேன். கண் ஒன்றைச் சொல்ல, கை பழையதைச் செய்யும்.

2

என் சம்பந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ஒரே மகள் தாரணி கட்டியது தமிழ்நாட்டுப் பெடியனை. பெடியனின் தகப்பன் வெங்கட்ராமன், இங்கே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். புவாண்ட்-கிளேரில் வீடு. மனைவி இல்லை, தவறிவிட்டார்.

கலியாணப் பேச்சு நடந்தபோது அந்த மனிதர் ஒரு சொல் கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, நான் என்ன படித்தேன் என்றும் கேட்கவில்லை. அது எனக்குள் தங்கிவிட்டது. நான் பெண்ணைக் கொடுத்தவன். அன்றிலிருந்து எந்தக் கதிரையிலும் அவர் இருந்த பிறகுதான் நான் இருப்பேன். அவர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் என் கை இலைக்குப் போகும். தாரணி சிரிப்பாள்.

"அப்பா, இது மொன்றியல். நீங்கள் என்ன அவருக்கு வேலைக்காரனே?"

"உனக்கு விளங்காது, பிள்ளை. நீ போன வீடு அது."

"நான் ஒரு வீட்டுக்கும் போகேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டோ வீடு வாங்கினது."

இப்படித்தான் கதை போகும். பேத்தி மிலாவுக்கு மூன்று வயது. கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் நாள் முழுக்கப் பிரெஞ்சு. என்னை 'அம்மப்பா' என்பாள், அவரைத் 'தாத்தா' என்பாள். மிச்சம் எல்லாம் பிரெஞ்சுதான்.

மனைவி போன பிறகு சம்பந்தி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். அவரைப் போக்கருக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். புதன்கிழமை தோறும் என் காரில் போவோம். அவர் நூலகத்தில் மூன்று தடித்த புத்தகங்கள் எடுத்து, எந்தக் கை எத்தனை தரம் வெல்லும் என்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு ஆடுவார். கணக்கு சுத்தம். ஆனால் பொய் சொல்ல வராது. போக்கரில் கையில் ஒன்றும் இல்லாமலே எல்லாம் இருப்பதுபோல் சில்லைத் தள்ளத் தெரியவேண்டும். அது அந்த மனிதரிடம் இல்லை.

"சம்பந்தி, ஒருக்கா ஏமாத்திப் பாருங்கோ," என்பேன் காரில்.

"நாப்பது வருஷம் பசங்கள காப்பி அடிக்காதீங்கன்னு சொன்னவன் நான். திடீர்னு எப்படிங்க வரும்?" என்பார்.

3

கடந்த சித்திரையில், பருவத்தின் கடைசிப் புதன். பத்துப் பேர் மிஞ்சி ஒரே மேசைக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒருவர் வெளியே போனால் மற்ற ஒன்பது பேருக்கும் மாகாணப் போட்டி. மேசையில் சில்லு குறைந்தவர் என் சம்பந்தி. கூடியவன் நான்.

எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கடுதாசி மறைவாக இருக்கும். மேசை நடுவில் ஐந்து எல்லாருக்கும் பொதுவாக விரியும். அன்று எனக்கு வந்தது ஆட்டின் ஆசும் ஆட்டின் ஆறும். ஆட்டின் என்றால் சிவப்பு இதயம் போட்ட இனம். நடுவில் ஒவ்வொன்றாக விழுந்த ஐந்தில் மூன்று ஆட்டின்: ராசா, ஒன்பது, மூன்று; என் இரண்டோடு ஐந்தும் ஒரே இனம். கடைசிக் கடுதாசி விரிந்தபோது என் கையை வெல்ல அந்த மேசையில் வேறு கையே இல்லை. மற்ற எட்டுப் பேரும் விலகிவிட்டார்கள். சம்பந்தியும் நானும் மட்டும்.

சம்பந்தி கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளினார். ஒரு நிமிடம் கழித்து இரண்டாம் முறையும் தள்ளினார். பிறகு தன்னிடம் இருந்த சில்லு முழுவதையும் நடுவில் தள்ளி, "ஓல் இன்," என்றார். 

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தரமாக ஏமாற்றுகிறார். கையில் ஒன்றும் இல்லை.

நான் "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும். என் பிள்ளையின் மாமனாரை, வாய் திறந்து ஒன்றும் கேட்காமல் என் பிள்ளையை எடுத்த மனிதரை, பத்துப் பேர் பார்க்க நான் எழுப்பி அனுப்புவதா? கையை மடக்கி, ஆட்டத்தை விட்டுக் கொடுத்தேன்.

மடக்கியதோடு விட்டிருக்கலாம். கடுதாசியைக் கவிழ்த்து எறிந்தால் நான் என்ன வைத்திருந்தேன் என்று கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும். நான் கவிழ்க்கவில்லை. ஆசு, ஆறு இரண்டையும் மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.

அதற்கு முந்திய ஒரு கணத்தை மறக்கமாட்டேன். நான் விலகுகிறேன் என்று தெரிந்ததும் சம்பந்தியின் முகம் மலர்ந்தது. பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்த பொடியன் மாதிரி ஒரு சிரிப்பு. மனைவி போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அடுத்த கணம் அவர் கண் என் கடுதாசியில் விழுந்தது. சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

கடுதாசி பரிமாறிய பிள்ளை கையை உயர்த்திப் போட்டி நடத்துநரைக் கூப்பிட்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஜோ, ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக் கடை வைத்திருக்கும் இத்தாலியன், நெற்றியில் அடித்துக்கொண்டான். தோற்கவே முடியாத கையைக் கடைசிக் கடுதாசியில் மடக்குவது இன்னொருவருக்குச் சில்லு கொடுப்பதற்குச் சமம். அது குற்றம். பருவத் தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைத்த விதி அது. நானும் வைத்திருந்தேன். வாசிக்காமல்.

இரண்டு பேரையும் எழுப்பிவிட்டார்கள். கார் வரை சம்பந்தியும் கூட வந்தார். கதவைத் திறந்து விட்டேன். ஏறவில்லை.

"எனக்கு யாரும் சும்மா மார்க் போட்டுப் பாஸ் பண்ணி வச்சது கிடையாது, சம்பந்தி."

"நான் மரியாதைக்கு..."

"மரியாதையா? பிச்சைங்க இது. அதையும் எல்லாரும் பாக்கணும்னு விரிச்சு வேற காட்டுனீங்க."

பஸ்ஸில் போய்விட்டார். வெளியே ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குடை கூட அவரிடம் இல்லை.

4

மண்டபத்தில் இருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இரண்டு பக்கப் பிரெஞ்சு. 'கூட்டுச் சதி' என்று அதில் எழுதியிருப்பதைத் தாரணிதான் வாசித்துச் சொன்னாள். எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. நாற்பது வருடம் சுத்தமாக வேலை செய்த மனிதரின் பெயருக்கு மேலே அந்தச் சொல். அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

கூடவே ஒரு படிவம். 'மற்ற ஆட்டக்காரருடன் உங்கள் உறவு' என்று ஒரு வரி. துணைவர், பெற்றோர், சகோதரர், நண்பர், வியாபாரப் பங்காளி, வேறு. 'வேறு' என்பதில் புள்ளடி போட்டு, மகளின் கணவரின் தகப்பன் என்று எழுதினேன். அந்தச் சிறிய பெட்டிக்குள் அது அடங்கவில்லை. ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

விசாரணைக்குத் தாரணி மொழிபெயர்க்க வந்தாள். சம்பந்தி மேசையின் மறு முனையில் உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவி ஒரு மெலிந்த கிழவி. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"மற்றவர் உங்களிடம் உதவி கேட்டாரா?"

தாரணி கேட்டாள். நான் சொன்னேன்: "அவர் கேக்கேல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது. எல்லாம் நான்தான்."

"அப்படியென்றால் அவர் பலமான கை வைத்திருக்கிறார் என்று பயந்தீர்களா?"

நான் "ஓம்" என்று சொல்லியிருந்தால் கிழட்டுக் குழப்பம், கண் மங்கல் என்று எழுதி விட்டிருப்பார்கள். ஆனால் நான் இரண்டு முறை இறுதி ஒன்பதில் வந்தவன். பயம் என்ற சொல் என் காதில் ஏறவில்லை.

"பயமோ? அவரிட்ட ஒண்டும் இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும். பொய்க்குத் தள்ளேக்கை மனுசன் கண்ணாடியை ரெண்டு தரம் மேல தள்ளினவர். நான் ஆக்களைப் பாத்துப் பாத்தே இந்த நாட்டில முன்னுக்கு வந்தனான். சொல்லு பிள்ளை, சொல்லு."

தாரணி சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மாமா இருக்கிறார்," என்றாள் மெதுவாக.

அவள் பிரெஞ்சில் சொன்னது பிறகுதான். அதற்கு முன்னமே தமிழில் அது போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. சம்பந்தியின் கை கண்ணாடி வரை போய், பாதியில் நின்று, மேசைக்குத் திரும்பியது.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். சம்பந்தி மேல் குற்றம் இல்லை என்று எழுத்தில் தந்தார்கள். எனக்கு ஆறு மாதம் தடை. வெளியே வந்தபோது, "உங்கட பேரைத் துடைச்சுப்போட்டன், சம்பந்தி," என்றேன்.

அவர் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "ரொம்ப நன்றிங்க," என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. சொந்தத்துக்குள் யார் நன்றி சொல்வார்கள்?

5

அந்த ஆறு மாதமும் அவர் தனியாகப் பஸ் பிடித்துப் புதன்கிழமைகளில் விளையாடப் போனார் என்று ஜோ சொன்னான். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தரம் வந்தார், மிலாவின் பிறந்தநாளுக்கு. என் மனுசி அவருக்கென்று தனியாகப் பருப்பு வடை சுட்டு வைத்திருந்தாள். "இப்பதான் சாப்ட்டேங்க" என்று சொல்லி ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் குடித்தார். இருக்கவும் இல்லை. எங்களுக்கு முன்னால் மருமகன் பாவம், அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றான். தாரணி ஞாயிறுகளை இரண்டாகப் பிரித்துவிட்டாள். ஒரு ஞாயிறு எங்களுக்கு, ஒரு ஞாயிறு அவருக்கு. முன்பெல்லாம் எல்லா ஞாயிறும் எல்லாருக்கும்.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்று மனுசியிடம் கேட்டேன்.

"நீங்கள் விட்டுக் குடுத்தது பிழையில்லை. குடுத்ததை நீங்கள் ஒரு நாளும் மூடி வைக்கமாட்டியள்," என்றாள். "அந்தக் கோப்பையைப் பாருங்கோ. வாசலால வாறவனுக்கு முதல் தெரியிறது அதுதான்."

நான் கோபித்துக்கொண்டு நடக்கப் போனேன். நடக்க நடக்க ஊர் வாசிகசாலை ஞாபகம் வந்தது. அங்கே முன்னூற்றிநாலில் தோற்ற சோடி, சிகரெட் பெட்டி மட்டையில் வெட்டிய தோட்டைக் காதில் கொழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும். என் தமக்கையின் மாமனாருக்கு நானே என் கையால் தோடு பூட்டியிருக்கிறேன். ஊரில் பெரிய மனிதர், பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவர். மட்டைத் தோட்டோடு சைக்கிளில் றோட்டால் போனார். அடுத்த நாள் பின்னேரம் என்னைத் தோற்கடிக்கவென்றே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் விட்டுக் கொடுத்திருந்தால் பளார் என்று அறைந்திருப்பார்.

அப்படியென்றால் நான் மேசையில் செய்தது ஊர் வழக்கமும் இல்லை. இங்கே வந்து நானாக உண்டாக்கிய ஒன்று. யோசித்துப் பார்த்தேன். தம்பிமாரை இங்கே கூப்பிட்டது நான், தங்கைமாருக்குக் கலியாணம் செய்து வைத்தது நான், கோயில் வாசல் கதவில் பெயர் என்னுடையது. எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன். யாரிடமாவது வாங்கியிருக்கிறேனா? சம்பந்தி ஒருவர்தான் என்னிடம் ஒன்றும் எடுக்காமல் எனக்குச் சமமாக இருந்தவர். அது எனக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. அதனால்தான் கடுதாசியை நிமிர்த்தி வைத்தேனோ?  கேள்வி சரியானது என்று மட்டும் தெரிகிறது.

சந்தையில் ஜோவிடம் இதைப் பிரெஞ்சிலும் கையாலுமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் மகளின் மாமனார் என்றால் சில்லோடு சப்பாத்தையும் கழற்றி வாங்கியிருப்பேன்," என்று சொல்லி ஒரு பெட்டித் தக்காளியை நிறுத்துத் தந்தான்.

6

நேற்று இடம் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. சம்பந்திக்கும் எனக்கும் ஒரே மேசை. நடத்துநர் ஓடி வந்து, ஒருவரை வேறு மேசைக்கு மாற்றட்டுமா என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன். சம்பந்தி எழவில்லை.

"வேண்டாம். இவர் இங்கயே இருக்கட்டும்," என்று ஆங்கிலத்தில் அவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில், "உக்காருங்க," என்றார்.

அவர் இருந்த பிறகுதான் நான் இருப்பேன் என்று சொன்னேன் அல்லவா? நேற்றும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எனக்கு ராணிச் சோடி வந்தது. நல்ல கை. மற்றவர்கள் விலக, சம்பந்தி மட்டும் கூட வந்தார். நடுவில் சின்னச் சின்னதாக நாலு கடுதாசி விழுந்து, கடைசியாக ஒரு ராசா விழுந்தது. அவர் கையில் ராசா இருந்தால் நான் முடிந்தேன். இல்லையென்றால் வென்றேன்.

சம்பந்தி கண்ணாடியை மேலே தள்ளினார். யோசித்தார். இன்னொரு தரம் தள்ளினார். "ஓல் இன்."

என்னிடம் இருந்ததைவிட அவரிடம் சில்லு கூட. நான் "சரி" என்று சொல்லித் தோற்றால் எழுந்து போகவேண்டியவன் நான். ஆனால் எனக்குத்தான் தெரியுமே. ஆறு மாதத்துக்கு முன் பார்த்த அதே கை, அதே கண்ணாடி. இந்த முறை விட்டுக் கொடுக்கக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு எடுத்து வந்திருந்தேன்.  என் பிள்ளையின் மாமனார் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, இருந்தது அத்தனையையும் தள்ளி, "சரி," என்றேன்.

சம்பந்தி தன் இரண்டு கடுதாசியையும் திருப்பினார். ராசா. ராசா. நடுவில் கிடந்ததோடு மூன்று ராசா.

நான் அந்த மூன்றையும் பார்த்தபடி இருந்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். சித்திரையில் ஒரு கணம் மட்டும் வந்து போன அந்தச் சிரிப்பு திரும்ப வந்திருந்தது. இந்த முறை அது போகவில்லை.

"கண்ணாடி..." என்றேன்.

"விசாரணையில நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஆறு மாசமா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். ஒரு தடவையும் இங்க யூஸ் பண்ணலை. உங்களுக்குன்னே வச்சிருந்தேன்."

ஜோ மேசையில் குத்திக் குத்திச் சிரித்தான். அவனுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. சம்பந்தி என் சில்லு முழுவதையும் இரண்டு கையாலும் தன் பக்கம் அள்ளினார். ஒன்று கூடச் சிந்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எழுந்து கோட்டைப் போட்டேன். வாசலுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சம்பந்தி! நீங்க இப்ப ஃப்ரீதானே? இன்னைக்கு மிலாவை கார்டெரியிலேர்ந்து நான் கூட்டிட்டு வர்றதா இருந்தது. நீங்க போயிடுங்க. எனக்கு இங்க லேட் ஆகும்."

"ஓம், நான் போறன்."

"அப்புறம் ராத்திரி எனக்கும் சேத்து அங்கயே சமைக்கச் சொல்லுங்க. வடை இருந்தா இன்னும் நல்லது."

கார்டெரி வாசலில் மிலா ஓடி வந்தாள். தாத்தா வருவார் என்று இருந்தவள் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். பிறகு, "கான்யே?" என்று கேட்டாள். வென்றாயா என்று அர்த்தம். புதன்கிழமை என்றால் அவளுக்கு அந்த ஒரு கேள்விதான்.

"தாத்தா வென்றார்," என்றேன். அதை அவளுக்குச் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமை எனக்கே புதினமாக இருந்தது.

இரவு மேசையில் எட்டு வடை சாப்பிட்டார். தாரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை கழுவ எழுந்தபோது சம்பந்தி என் பக்கம் குனிந்து, "என்கிட்ட வேற என்னெல்லாம் கவனிச்சு வச்சிருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க," என்றார்.

"ஒண்டும் இல்லை, சம்பந்தி. அந்தக் கண்ணாடி ஒண்டுதான்."

நம்பிவிட்டார். உண்மையில் இன்னும் இரண்டு இருக்கின்றன. அவை என்னவென்று இங்கேயும் எழுதமாட்டேன்.